பெலண்டோக்குக்கு நான் கொடுத்த குரல்

பெரட்டில் வராத ஆளுக்குக் குரல் கொடுப்பதை எங்கள் தோட்டத்தில் யாரும் பாவமாக நினைத்ததில்லை. நான் பிறந்த ரப்பர் தோட்டம் நெகிரி மாநிலத்தில், புக்கிட் பெலண்டோக் என்ற ஊரிலிருந்து உள்ளே போகிற செம்மண் சாலையில் இருந்தது. விடிவதற்கு முன்னால் ஆபீஸ் வாசலில் எல்லாரும் வந்து நிற்பார்கள். கங்காணி வேலை பார்க்கிற மண்டோர் ஒவ்வொருவர் பேராகக் கூப்பிடுவார். அதற்குப் பேர்தான் பெரட்டு. பேர் கூப்பிட்டதும் 'இருக்கேன்' என்று சத்தம் வர வேண்டும். சத்தம் வராவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. பக்கத்து வீட்டுக்காரி காய்ச்சலில் கிடந்தாலும் சரி, புருஷனிடம் அடி வாங்கி முகம் வீங்கிக் கிடந்தாலும் சரி, என் அம்மா தன் பேருக்கு ஒரு தடவையும், குரலை மாற்றி அவள் பேருக்கு ஒரு தடவையும் 'இருக்கேன்' சொல்லிவிடுவாள். இருட்டில் மண்டோருக்கு முகம் தெரியாது. தெரிந்தாலும் அவர் கேட்டதில்லை.

அந்தப் பழக்கம் எனக்கும் இருந்தது. அதனால் ஒருத்தி சாகக் கிடந்தாள். இதை எழுத உட்கார எனக்கு ஒரு வருஷம் ஆகிவிட்டது.

எனக்கு வந்திருப்பது மனச்சோர்வு நோய் என்று டாக்டர் சொன்னார். சொந்தக்காரர்களிடம் என் வீட்டுக்காரர் காஸ்ட்ரிக், வயிற்று எரிச்சல் என்று சொன்னார். எங்கள் ஆட்களிடம் காஸ்ட்ரிக்குக்கு ஒரு மரியாதை உண்டு. யாருக்கும் வரலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை, கல்யாண வீட்டுக்குப் போகாமல் இருப்பதற்கும் அது போதும். ஆறு வருஷமாக எனக்குக் காஸ்ட்ரிக். பார்க்க வருகிறவர்கள் பிஸ்கட் டின் வாங்கி வந்து, காரத்தைக் குறை, நேரத்துக்குப் பசியாறு என்று புத்தி சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

அதற்கு முன்னால் நான் இப்படி இல்லை. வாய்க்காரி. செனவாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவள். சூப்பர்வைசரிடம் மல்லுக்கு நின்று என் லைன் பெண்களுக்கெல்லாம் நாற்காலி வாங்கிக் கொடுத்தவள். ஒரு திங்கட்கிழமை காலையில் கம்பெனி பஸ் வந்து நின்றது. ஏறக் கால் எழவில்லை. டிரைவர் இரண்டு முறை ஹார்ன் அடித்தார். நான் படியையே பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ் போய்விட்டது. அம்பாங்கானில் எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டுக்குத் திரும்பி வந்து படுத்தவள்தான்.

குளிக்க வேண்டும் என்று நினைப்பதற்கும் குளிப்பதற்கும் நடுவில் எனக்கு நாலு நாள் ஆகும். துண்டை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பேன். வெயில் ஜன்னலில் ஏறி இறங்கிவிடும், துண்டு அப்படியே இருக்கும். மாத்திரை வாயை உலர்த்தும், உடம்பை ஊத வைக்கும். அழுகை வந்தாலாவது பரவாயில்லை, அதுவும் வராது. செத்தால் தேவலை என்று தோன்றும். அதற்கும் எழுந்திருக்க வேண்டுமே என்று அலுப்பாக இருக்கும். சிரிக்காதீர்கள், நிஜமாகவே அப்படித்தான்.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். நல்ல மனுஷன், பேசத்தான் வராது. காலையில் கிளம்பும்போது நாசி லெமாக் பொட்டலத்தை மேசையில் வைத்து, "தின்னுட்டு மருந்தப் போடு" என்பார். ஒரு நாளைக்கு அவ்வளவுதான். மகன் ஜொகூரில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, ஓகேவா என்று கேட்பான். நான் ஓகே என்பேன். வைத்துவிடுவான்.

கையில் போன் இருந்தது. அதன் வாட்ஸ்அப்பில் எங்கள் தோட்டத்துக் கோயிலுக்கு ஒரு புலனக் குழு உண்டு. தோட்டத்தை விட்டுச் சிதறிப்போன இருநூறு பேர் அதில் இருக்கிறார்கள். காலையில் ரோஜாப்பூ படம், இனிய காலை வணக்கம். யாராவது போய்விட்டால் கை கூப்பின படம். மனசு சரியில்லை என்று அங்கே ஒரு வரி எழுதினால் போதும், மறுநாளே ஒரு கூட்டம் எலுமிச்சம்பழத்தோடு வாசலில் வந்து நிற்கும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நானும் ரோஜாப்பூவுக்கு ரோஜாப்பூ அனுப்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள், மனநோயைப் பற்றி ஒரு டாக்டர் தமிழில் பேசுகிற காணொளி கண்ணில் பட்டது. அதன் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "நெகிரி தோட்டத்து ஆளுங்க யாராச்சும் இருக்கீங்களா? எனக்கும் இந்தச் சீக்குதான். இருவது வருசமாச்சு." மூன்று நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாவது நாள் "நான் இருக்கேன்" என்று பதில் போட்டேன். அவர் போர்டிக்சன் பக்கம் ஒரு தோட்டத்தில் ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, ஒரு பழைய மோட்டார் சைக்கிள் உண்டு. எங்களைப் போன்ற ஆட்களாகத் தேடித் தேடிப் பதினொரு பேரை ஒரு குழுவில் சேர்த்தார். பேர் வேண்டாம், ஊர் போதும் என்பது அவர் போட்ட முதல் சட்டம். அவரை மட்டும் எல்லாரும் கிராணி அண்ணன் என்றோம். நான் அம்பாங்கான்.

முகம் தெரியாத பத்துப் பேரிடம் நான் சொன்னதை என் கூடப் பிறந்தவர்களிடம் சொன்னதில்லை. பல் விளக்கி ஐந்து நாள் ஆகிறது என்று எழுதினால், எனக்கு எட்டு நாள் என்று ஒருவர் எழுதுவார். அதைப் படிக்கும்போது எனக்கு மூச்சு கொஞ்சம் ஒழுங்காக வரும்.

பெரட்டு யோசனை என்னுடையதுதான். லுக்குட்காரர் ஒருவர் ஒரு வாரம் சத்தமே இல்லாமல் இருந்தார். எட்டாவது நாள்தான் எங்களுக்கு உறைத்தது. ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பதினொரு பேர் இருக்கிறோம், ஒரு ஆள் இல்லை என்று தெரிய எட்டு நாளா என்று குழுவிலேயே கத்தினேன். தோட்டத்தில் பெரட்டுப் போட்ட மாதிரி போடுங்கள், காலை ஏழு மணியிலிருந்து அவரவர் ஊரைச் சொல்லி 'இருக்கேன்' என்று எழுதட்டும், ஒன்பது மணிக்குள் வராதவரைக் கிராணி அண்ணன் தேடட்டும் என்றேன். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. எல்லாருடைய முகவரியும் வீட்டு நம்பரும் அவரிடம் மட்டும் கொடுத்தோம், நான் கொடுத்தது என் வீட்டுக்காரர் நம்பர். ஒன்பது மணிக்கு வராவிட்டால் போன், போன் எடுக்காவிட்டால் வீட்டுக்குப் போன், அதற்கும் சரியான பதில் இல்லாவிட்டால் மோட்டாரை எடுத்துக்கொண்டு அவரே போவார். முன்னாள் கிராணி இல்லையா, ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு அதில் டிக் வேறு அடித்தார். தினமும் ஏழு மணிக்கு முதல் ஆளாக நான் எழுதுவேன். 'அம்பாங்கான், இருக்கேன்.' அதை எழுதிவிட்டால் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைக்க முடிந்தது.

பெலண்டோக் பிறகு வந்து சேர்ந்தவள். முப்பது வயதுக்கு ஒன்றிரண்டு கூட இருக்கும். எங்கள் தோட்டத்தில் மிச்சமிருக்கிற, வரிசையாகக் கட்டின லயத்து வீடுகளில் ஒன்றில் மாமியாரோடு இருந்தாள். புருஷனுக்குச் சிங்கப்பூரில் வேலை, மாதம் ஒரு முறை வருவான். போர்டிக்சனில் ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்புத் துவைக்கிற வேலை பார்த்தாளாம். ஒரு நாள் விரிப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. வேலை போய்விட்டது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, மாமியாருக்குக் கேட்காமல் குரல் பதிவு அனுப்புவாள். எனக்கு வரும் அவள் குரலில் எப்போதும் தண்ணீர்ச் சத்தம் இருக்கும்.

என் தோட்டம் என்று தெரிந்ததும் என்னிடம் தனியாகப் பேச ஆரம்பித்தாள். ரப்பர் மரமெல்லாம் போய்ச் செம்பனை வந்துவிட்டதைச் சொன்னாள். நான் பிறந்த வீட்டைத் தேடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "ஒங்க வீட்டுல இப்ப ஆறு பங்களாதேஷ்காரங்க இருக்காங்கக்கா. வாசல்ல கீர போட்டு, கூட்டித் தொடச்சி, ஒங்கள விட நல்லா வச்சிருக்காங்க லா." நான் குளித்து நாலு நாள் ஆனது தெரிந்துதான் அப்படிச் சொல்கிறாள், கழுதை. நான் வாய்விட்டுச் சிரித்தேன். சமையலறையில் இருந்த என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவளை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவள் குரல் வராத நாள் எனக்கு நாளாகவே இருக்காது.

இரண்டு தடவை அவள் பெரட்டுக்குத் தூங்கிப்போனாள். கிராணி அண்ணன் சட்டப்படி வீட்டுக்குப் போன் செய்தார். யாரோ ஒரு ஆம்பளை மருமகளைக் கேட்டுப் போன் செய்கிறான் என்று மாமியார் மகனிடம் சொல்ல, வீட்டில் பெரிய சண்டை. இன்னொரு தடவை அப்படி வந்தால் போனைப் பிடுங்கிவிடுவதாகச் சொல்லிவிட்டான். அன்றைக்குக் குழாய்ச் சத்தத்துக்கு நடுவில் என்னிடம் கெஞ்சினாள்.

"அக்கா, நான் எந்திரிக்கலன்னா நீங்க எனக்குக் கொரல் குடுத்துருங்கக்கா. போன் போயிட்டா எனக்கு ஒண்ணுமே இல்ல."

சரி என்றேன். யோசிக்கக்கூட இல்லை. என் அம்மா செய்ததுதானே. அதற்குப் பிறகு அவள் எழுதாத நாட்களில் நான் எழுதினேன்: "அம்பாங்கான், இருக்கேன். பெலண்டோக்கும் இருக்கா, என்கிட்ட பேசினா." கிராணி அண்ணன் இரண்டுக்கும் டிக் போடுவார். பத்து மணிக்குக் கொட்டாவியோடு அவள் குரல் வரும். இப்படி ஏழெட்டுத் தடவை நடந்திருக்கும். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. படுத்துக் கிடக்கிற நானும் ஒருத்திக்கு உதவுகிறேனே என்று.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. தீபாவளிக்கு வர மாட்டேன் என்று மகன் சொல்லிவிட்டான். ஏன் என்று கேட்டேன். வீட்டுக்கு வந்தால் அவனுக்கும் ஏதோ ஆகிவிடுகிறது என்றான். பிள்ளை சொல்லக்கூடிய வார்த்தையா அது? பெலண்டோக்குக்கு ஏழு நிமிஷம் ஒரு குரல் பதிவு அனுப்பினேன். ஆறு வருஷத்தில் அவ்வளவு நேரம் நான் யாரிடமும் பேசியதில்லை. அவள் கேட்டுவிட்டாள், அடையாளம் நீலமாகிவிட்டது. அரை மணி நேரம் கழித்துப் பதிலாக ஒரு படம் வந்தது. ஒரு கட்டைவிரல்.

ஏழு நிமிஷத்துக்கு ஒரு கட்டைவிரல். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. உனக்காகப் பொய் சொல்கிறேன், உன் மாமியாரிடமிருந்து உன்னைக் காப்பாற்றுகிறேன், எனக்கு நீ கட்டைவிரல் காட்டுகிறாயா? பேசாவிட்டால் போ, நானும் பேசமாட்டேன் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன்.

திங்கட்கிழமை அவள் பெரட்டுக்கு வரவில்லை. எட்டரை வரை பார்த்தேன். கோபம் கோபமாகவே இருந்தது, ஆனாலும் வாக்குக் கொடுத்திருக்கிறேனே. "பெலண்டோக் இருக்கா" என்று எழுதினேன். என்னிடம் பேசினாள் என்றும் சேர்த்தேன், அது பொய். குழுவில் ஒரு செய்தியை யார் யார் படித்தார்கள் என்று பார்க்க வழி உண்டு. அமுக்கிப் பார்த்தேன். பெலண்டோக் படித்திருந்தாள். முழித்துக்கொண்டு, படித்துக்கொண்டு, வாய் திறக்காமல் இருக்கிறாள் பார் என்று இன்னும் எரிந்தது. பத்து மணிக்கு அவள் குரல் வரவில்லை. வராவிட்டால் போகட்டும் என்று இருந்தேன்.

செவ்வாய்க்கிழமையும் அப்படியே. நான் எழுதினேன், அவள் படித்தாள், பதில் இல்லை. யார் முதலில் பேசுகிறார்கள் பார்க்கலாம் என்று வீம்பாக இருந்தேன். நாற்பத்தைந்து வயதுக்காரி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

புதன்கிழமையும் எழுதினேன். அன்றைக்கு உடம்பு கல்லாகக் கிடந்ததால் யார் படித்தார்கள் என்று பார்க்கவில்லை. பதினொரு மணிக்குத்தான் அமுக்கிப் பார்த்தேன். ஒன்பது பேர் படித்திருந்தார்கள். பெலண்டோக் படிக்கவில்லை. பன்னிரண்டுக்குப் பார்த்தேன், படிக்கவில்லை. கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டேன். இரவெல்லாம் முழித்துக் கிடந்து காலையில் தூங்கிப்போனாலும், பத்து மணிக்கு மேல் எப்போதும் போன் அவள் கையில்தான் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். கடவுளே, நான் என்ன செய்துவிட்டேன் என்று அப்போதுதான் தோன்றியது.

கிராணி அண்ணனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று நாளாக அவள் என்னோடு பேசவில்லை, நான்தான் குரல் கொடுத்தேன் என்றேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மூணு நாளும் நான் டிக் போட்டுட்டேனே ம்மா" என்றார். பிறகு மோட்டாரை உதைக்கிற சத்தம்.

வழியில் நிறுத்தி அவள் வீட்டுக்கும் போன் செய்திருக்கிறார். மருமகள் தூங்குகிறாள் என்று மாமியார் சொல்லியிருக்கிறாள். கதவைத் தட்டுங்கள், திறக்காவிட்டால் உடையுங்கள் என்று கத்தியிருக்கிறார். பக்கத்து வீட்டு ஆட்கள் உடைத்தார்கள். அவள் என்ன செய்துகொண்டாள் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. உயிர் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

நான் வாடகைக் காரைக் கூப்பிட்டு ஏறினேன். ஆஸ்பத்திரிக்கு அல்லாமல் வேறு எதற்கும் தனியாக வெளியே போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எந்த ஆஸ்பத்திரி என்றுகூடக் கேட்கத் தோன்றாமல், தோட்டத்துக்கே போகச் சொல்லிவிட்டேன். டிரைவர் ஒரு மலாய்க்காரர். என் முகத்தைப் பார்த்துவிட்டு வானொலியை அணைத்துவிட்டார். இரண்டு பக்கமும் செம்பனை. நான் பிறந்த இடத்துக்குப் போகும் சாலையை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

வீட்டில் மாமியார் மட்டும் இருந்தாள். மோசமான பெண்பிள்ளை என்று மனசுக்குள் ஒரு உருவம் வைத்திருந்தேன். சுருங்கிப்போன ஒரு அம்மா கைலியோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். நான் யார் என்று கேட்கவில்லை. உள்ளே கூட்டிக்கொண்டு போய், உடைந்த கதவைக் காட்டினாள். அறையின் ஜன்னல் சாலையைப் பார்த்து இருந்தது. ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

"ரெண்டு நாளா காலைல இங்கதான் ஒக்காந்திருந்துச்சு. போனப் பாக்கும், ரோட்டப் பாக்கும். என்னா பாக்குறேன்னு கேட்டேன். ஒம்போது மணிக்கு ஒரு மோட்டார் வரும்ங்குது. நான் என்னத்தக் கண்டேன்?"

நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் தூங்கிப்போகவில்லை. தெரிந்தேதான் சத்தம் கொடுக்காமல் இருந்திருக்கிறாள். வீட்டில் என்ன சண்டை வந்தாலும் சரி, யாராவது தேடி வரட்டும் என்று இருந்திருக்கிறாள். ஒவ்வொரு காலையும் சாலையையும் போனையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு என் எழுத்துதான் வந்து விழுந்திருக்கிறது. பெலண்டோக் இருக்கா. என்கிட்ட பேசினா. மோட்டாரை நான்தான் நிறுத்திவிட்டேன். வாய் திறந்து கேட்டிருக்கலாமே என்று சிலர் பிறகு சொன்னார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். கேட்க முடியாமல் போவதுதான் இந்த நோய். அந்தக் கட்டைவிரலை அனுப்பவே அவளுக்கு அரை மணி நேரம் ஆகியிருக்கிறது, எனக்கு அது இப்போது புரிகிறது.

என் அம்மா பெரட்டில் குரல் கொடுத்தால், ரப்பர் பால் வெட்டு முடிந்து வந்ததும் முதல் வேலையாகக் கஞ்சியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போவாள். அவள் முகத்தைப் பார்த்து, இரண்டு வாய் ஊட்டிவிட்டுத்தான் தன் வீட்டு அடுப்பைப் பற்ற வைப்பாள். நான் குரலை மட்டும் கொடுத்துவிட்டுக் கவிழ்ந்து படுத்துக்கொண்டேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவளை முதல் தடவையாகப் பார்த்தேன். குரலை வைத்துப் பெரிய உடம்புக்காரி என்று நினைத்திருந்தேன், குச்சியாக இருந்தாள். "நான்தான் அம்பாங்கான்" என்றேன். என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பார்வை நேரம் முடிகிற வரைக்கும் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று போனவள் கேட்காமலே திரும்பி வந்தேன்.

குழுவில் உண்மையைச் சொன்னேன். சிரம்பான்காரர் ஒருவர் என்னைக் கண்டபடி திட்டிவிட்டு வெளியேறிவிட்டார். தப்பில்லை. இனி யாரும் யாருக்கும் குரல் கொடுக்கக் கூடாது என்று கிராணி அண்ணன் எழுதினார். நானும் வெளியேறினேன். ஐந்து நிமிஷத்தில் திரும்பச் சேர்த்துவிட்டார். மறுபடி வெளியேறினேன், மறுபடி சேர்த்தார். மூன்றாம் தடவை நானே சோர்ந்துபோய் இருந்துவிட்டேன்.

பெலண்டோக் ஆஸ்பத்திரியிலிருந்து தன் வீட்டுக்கு வந்தாள். குழுவில்தான் இருந்தாள், ஆனால் ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை. ஒன்பது மணிக்குக் கிராணி அண்ணன் அவள் வீட்டுக்குப் போன் செய்வார். மாமியாரே இப்போது எடுத்து, இருக்கு, தோசை திங்குது என்று சொல்லுமாம். 'பெலண்டோக், போன் பண்ணிக் கேட்டாச்சு' என்று எழுதுவார். மூன்று மாதம் இப்படியே போயிற்று. நான் அவளுக்குத் தனியாக அனுப்பிய செய்திகளை அவள் திறக்கவே இல்லை. தினமும் ஏழு மணிக்கு 'அம்பாங்கான், இருக்கேன்' என்று எழுதுவேன். எழுதிவிட்டு, யார் படித்தார்கள் என்று அமுக்கிப் பார்ப்பேன். அவள் பேர்தான் முதலில் இருக்கும். அந்தத் திங்களும் செவ்வாயும் நான் எழுதிய பொய்யையும் அவள் இப்படித்தான் படித்தாள் என்று நினைத்துவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

என் நோய் முற்றிக்கொண்டே வந்தது. மாத்திரையை மாற்றினார்கள், அளவைக் கூட்டினார்கள். சாப்பாட்டுப் பொட்டலங்கள் மேசையில் பிரிக்காமல் கிடந்தன. என் வீட்டுக்காரர் அவற்றை எடுத்துப் போட்டுவிட்டு, மறுநாள் மறுபடியும் வாங்கி வைப்பார். ஒருத்தியைக் கொல்லப் பார்த்த வாய் இது, இதற்கு எதற்குச் சோறு என்று எனக்கு இருந்தது.

ஒரு வியாழக்கிழமை காலையில் நான் சத்தம் கொடுக்கவில்லை. மறந்துபோகவில்லை. வீட்டுக்காரர் ஆறரைக்கே கிளம்பிப் போய்விட்டார். போனைப் பீரோவில் துணிகளுக்கு அடியில் செருகி, கதவைச் சாத்தினேன். ஒன்பது மணிக்கு முன்னால் கிராணி அண்ணன் தேடமாட்டார் என்று எனக்குத் தெரியும். அந்தச் சட்டத்தைச் சொன்னவளே நான்தானே. இரண்டு மணி நேரம் இருந்தது. அது போதும் என்று நினைத்தேன். அதற்கு மேல் சொல்லமாட்டேன்.

ஏழே முக்கால் இருக்கும். வாசலில் லாரிச் சத்தம் கேட்டது. எங்கள் சந்துக்குள் லாரி வராது, அவர் எப்போதும் மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு நடந்துதான் வருவார். கேட் இடிபட்டது. ஒரு காலில் மட்டும் சிலிப்பரோடு உள்ளே ஓடி வந்தார். என் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தைப் பிடித்துப் பார்த்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். இருபத்து மூன்று வருஷத்தில் அந்த மனுஷன் ஓடி நான் பார்த்ததில்லை.

தன் போனை எடுத்து என்னிடம் நீட்டினார். கிராணி அண்ணன் குழுவில் வந்த இரண்டு செய்திகளை அவருக்கு அனுப்பியிருந்தார். இரண்டும் பெலண்டோக் எழுதியவை. மூன்று மாதத்தில் அவள் எழுதிய முதல் எழுத்து.

"அம்பாங்கான் அக்கா தெனம் ஏழு மணிக்கெல்லாம் சொல்லிருவாங்க. இன்னிக்குச் சொல்லல. ஒம்போது வரைக்கும் பாக்காதீங்க. இப்பவே யாராச்சும் போங்க."

அதன் கீழே இன்னொன்று.

"யாரும் அவங்களுக்குக் கொரல் குடுத்துறாதீங்க."

"யாரு இந்தப் பெலண்டோக்?" என்று கேட்டார்.

ஆறு வருஷமாக வராத அழுகை வந்தது. பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும், கேட்கட்டும், காஸ்ட்ரிக் என்று நினைக்கட்டும். சந்து வழியை அடைத்துக்கொண்டு நின்ற லாரிக்குப் பின்னால் யாரோ ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். என் வீட்டுக்காரர் எழுந்து போகவில்லை, என் காலைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தார். பீரோவில் இருக்கிற போனை எடுத்துத் தரச் சொன்னேன். துணிகளைக் கீழே இழுத்துப் போட்டுத் தேடி எடுத்துக் கொடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'அம்பாங்கான், இருக்கேன்' என்று எழுதினேன்.